ஓய்வூதியக் கோவையில் விடக்கூடாத பிழைகள்

போன வாரம் திருகோணமலை உவர்மலையில் ஒரு தம்பி தன் பத்திரங்களைக் கொண்டுவந்து காட்டினார். பொலிஸில் 18 வருட சேவை, கலியாணமாகி 11 வருடம். ஆனால் அலுவலகக் கோவையில் (ஃபைலில்) இன்னும் ‘திருமணமாகாதவர்’ என்றே கிடக்கிறது. நான் இளவயதில் விட்ட அதே பிழை.

சம்பளத்தில் வெட்டுகிறார்கள்தானே என்று இருப்பது

விதவைகள், தபுதாரர்கள் (மனைவியை இழந்தவர்கள்), அநாதைகள் ஓய்வூதியத்துக்கு மாதாமாதம் காசு வெட்டுவார்கள். அதனால் மனைவியின் பெயர் தானாகப் பதிவாகிவிடாது. கலியாணத்துக்கு லீவு எடுத்தேன், அலுவலகத்துக்குத் தெரியும்தானே என்று நானும் இருந்தேன். லீவுக் கடிதம் வேறு, பதிவு வேறு. விவாகச் சான்றிதழையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களையும் நீங்களேதான் கொடுக்க வேண்டும்.

என்னோடு வேலை செய்த ஒருவர் பதியாமலே இறந்துபோனார். விவாகப் பதிவில் அவர் பெயர் ஒரு மாதிரி, நியமனக் கடிதத்தில் வேறு மாதிரி. சிங்களத்தில் எழுதித் திரும்பத் தமிழுக்கு வரும்போது நம் பெயர்களுக்கு நடப்பதுதான். அவர் மனைவி கிராம சேவையாளரின் கடிதம், சத்தியக் கடதாசி என்று அலைந்து, இரவு ரயிலில் கொழும்புக்கும் போய்வந்தார். பணம் கைக்கு வரும்முன் இரண்டு தைப்பொங்கல் கடந்துவிட்டது. அந்த மனிதர் உயிரோடு இருந்தபோது ஒரு காலைப்பொழுதில் தானே செய்திருக்கக்கூடிய வேலை. இன்றைக்கும் நினைத்தால் கோபம் வருகிறது.

தங்கச்சிமாரே, உங்களுக்கும் இது உண்டு. 1983ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டத்தின்படி உங்கள் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் உரிமை இருக்கிறது.

கொடுத்த பத்திரங்களின் பிரதியில் திகதி முத்திரை வாங்கி வீட்டில் வையுங்கள். 2004 சுனாமியில் பத்திரங்களை இழந்தவர்கள் பட்ட பாட்டை மூதூர், கிண்ணியாப் பக்கம் கேட்டால் சொல்வார்கள்.

பணிக்கொடையை நம்பி வீடு தொடங்குவது

24 மாத ஓய்வூதியம் மொத்தமாகக் கிடைக்கும் என்று பலர் கல், மண் இறக்கிவிடுகிறார்கள். அலுவலகத்தில் எடுத்த இடர்கடன் (distress loan) மீதி அதில்தான் கழியும். அப்புறம், மொத்தமாக வாங்கினால் முதல் 10 வருடம் குறைத்த ஓய்வூதியமே வரும்.

தீயணைப்பு வீரர்கள் அமைய (தற்காலிக) நாட்களையும் கூட்டுவது

பொலிஸ் மத்திய அரசு. தீயணைப்பு பெரும்பாலும் உள்ளூராட்சி மன்றம். அமைய ஊழியராக இருந்த காலத்துக்கு ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) வெட்டினார்களா, நியமனக் கடிதத்தில் ‘ஓய்வூதியத்துக்கு உரித்துடையது’ என்று இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். தகுதிக்கு ஆகக் குறைந்தது 10 வருட சேவை வேண்டும்.

சம்பளமற்ற லீவு

பொதுவாகச் சேவைக் காலத்தில் சேராது.