கலிஃபோர்னியா ஷீப்ஹெட் மீன்: பேசும்போதும் எழுதும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

‘ரீஃப்’ (கடலடித் திட்டு) என்ற ஆங்கிலச் சொல்லைப் பார்த்ததும் நம் கை தானாகவே ‘பவளப்பாறை’ என்று எழுதிவிடுகிறது. முதன்முதலில் ஷீப்ஹெட் மீனைப் பற்றிக் குறிப்பெடுத்தபோது நானும் அப்படித்தான் எழுதினேன், பிறகு பக்கம் முழுக்க அடித்துத் திருத்த வேண்டியதாயிற்று. தெற்குக் கலிஃபோர்னியாவிலும் மெக்சிகோவின் பாஹா கரையோரத்திலும் இந்த மீன் வாழும் இடங்களில் பவளம் கட்டிய திட்டுகள் இல்லை. அங்கே இருப்பவை வெறும் கற்பாறைகள். அவற்றைப் பற்றிக்கொண்டு கெல்ப் என்னும் ராட்சதக் கடற்பாசி மேற்பரப்பு வரை காடாக எழுந்து நிற்கும். நல்ல வெளிச்சமும் சத்தும் கிடைத்தால் ஒரே நாளில் அரை மீட்டருக்கு மேல் வளரக்கூடிய பாசி அது. குளிர்ந்த நீர், கல், பாசி என்ற இந்த மூன்றையும் மனதில் இருத்தாமல் ஷீப்ஹெட்டைப் பற்றிப் பேசத் தொடங்கினால், வெப்பமண்டலப் பவளத்திட்டின் கதையைக் கொண்டுவந்து இங்கே ஒட்டவைப்பதில்தான் போய் முடியும்.

பெயரிலும் ஒரு பொறி இருக்கிறது. மனிதப் பல்வரிசை போன்ற பற்களைக் காட்டிக்கொண்டு ஒரு மீன் படம் அடிக்கடி கைபேசிகளில் சுற்றும். அது அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் வாழும் ‘ஷீப்ஸ்ஹெட்’, நடுவில் ஓர் ‘ஸ்’ கூடுதல். குடும்பமே வேறு. நம் மீன் லேப்ரிடே குடும்பம், அதாவது ராஸ் இனத்து மீன்களின் கூட்டம். இதன் பற்கள் நாய்ப்பல் போல முன்னுக்கு நீட்டிக்கொண்டிருக்கும். கிழவர் முகத்தோடு தலை புடைத்த இன்னொரு பிரபல மீன் ஜப்பான் பக்கத்துக் கோபுதாய். அது நெருங்கிய உறவுதான், ஆனால் வேறு இனம். அறிவியல் பெயரும் இப்போது இரண்டாகப் புழங்குகிறது. பழைய கட்டுரைகளில் செமிகோசிஃபஸ் புல்க்கர் என்றிருக்கும், புதியவை பலவற்றில் போடியானஸ் புல்க்கர். ஒன்றை மட்டும் வைத்துத் தேடினால் பாதி ஆய்வுகள் கண்ணில் படாது.

நிறத்தைப் பார்த்து மூன்று மீன் என்று நினைப்பது

குஞ்சு ஆரஞ்சும் சிவப்பும் கலந்த நிறத்தில், பக்கவாட்டில் ஒரு வெள்ளைக் கோட்டோடும் துடுப்புகளில் கரும்புள்ளிகளோடும் இருக்கும். வளர்ந்த பெண் மீனுக்கு உடல் முழுக்க மங்கிய இளஞ்சிவப்பு. ஆணுக்குத் தலையும் வால்பகுதியும் கறுப்பு, நடுவில் அகலமாகச் சிவப்புப் பட்டை, நெற்றியில் சதைப் புடைப்பு. பெரிய மீன்களில் ஆண், பெண் இரண்டுக்குமே தாடை வெள்ளையாக இருக்கும். அதனால் தாடையை மட்டும் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது. அதே நீரில் உடல் முழுக்க ஆரஞ்சாக ஒரு மீன் தெரிந்தால் ஷீப்ஹெட் குஞ்சு என்று அவசரப்படக் கூடாது. அது கலிஃபோர்னியாவின் மாநிலக் கடல் மீனான கரிபால்டியாக இருக்கலாம்.

மூன்று உடுப்பும் ஒரே உயிருடையவை. இந்த இனத்தில் எல்லா மீனும் பெண்ணாகவே முதிர்கிறது. அவற்றில் ஒரு பகுதி பிறகு ஆணாகிறது. ஆணான பின் திரும்பிப் பெண்ணாவதில்லை. கோமாளி மீனில் இது தலைகீழ், அங்கே ஆண்தான் பெண்ணாகும். ‘பால் மாறும் மீன்கள்’ என்று இரண்டையும் ஒரே வாக்கியத்தில் அடைப்பவர்கள் பெரும்பாலும் திசையைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

‘ஆண் செத்தால் மூத்த பெண் ஆணாகும்’ என்ற கதை

கேட்க நன்றாக இருப்பதாலேயே இது பரவுகிறது என்பது என் சந்தேகம். பவளத்திட்டுகளில் பிற மீன்களைச் சுத்தம் செய்து பிழைக்கும் சிறிய ராஸ் மீனில் இது கிட்டத்தட்ட அப்படியே நடக்கும். ஒரு ஆண், அதன் கீழ் சில பெண்கள், ஆண் போனதும் பெரிய பெண் பதவி ஏற்கும். ஷீப்ஹெட்டில் அப்படிக் கட்டுக்கோப்பான குடும்பம் கிடையாது. கோடைக்கால இனப்பெருக்கப் பருவத்தில் பெரிய ஆண்கள் பாறைப் பகுதியில் ஆளுக்கொரு எல்லையைப் பிடித்துக் காவல் காக்கும், பெண்கள் அங்கே வந்துபோகும். முட்டையும் விந்தும் திறந்த நீரில் விடப்படுகின்றன, யாரும் குஞ்சு காப்பதில்லை. லார்வாக்கள் ஒரு மாதத்துக்கும் மேலாக நீரோட்டத்தோடு மிதந்து போகின்றன.

அப்படியானால் எப்போது மாறும்? இதற்கு ஒற்றை எண் சொல்பவரை நம்ப வேண்டாம். கடல் உயிரியலாளர் ராபர்ட் வார்னர் 1975-இல் வெளியிட்ட ஆய்வில், தெற்குக் கலிஃபோர்னியாவின் கட்டலீனா தீவைச் சுற்றி வாழ்ந்த மீன்கள் சுமார் 4 வயதில் பெண்ணாக முதிர்ந்து, 7 அல்லது 8 வயதில் மாறின. தெற்கே மெக்சிகோவின் குவாடலூப்பே தீவில் அதே இனம் குள்ளமாகவே வளர்ந்தது, கணக்கும் வேறாக இருந்தது. பிற்பாடு ராபர்ட் கோவன் என்ற ஆய்வாளர் வெவ்வேறு தீவுகளை ஒப்பிட்டபோதும் இடத்துக்கு இடம் வயதும் அளவும் மாறின. எவ்வளவு உணவு, எவ்வளவு கூட்டம், எத்தனை பெரிய ஆண்கள் மிஞ்சியிருக்கின்றன என்பதைப் பொறுத்து அது நகர்கிறது. சில பெண்கள் கடைசிவரை மாறாமலே போவதும் உண்டு.

இதிலிருந்தே இன்னொரு பிழையும் வருகிறது: நீளத்தைப் பார்த்து வயது சொல்வது. குவாடலூப்பேயின் சிறிய மீனும் வடக்குத் தீவின் பெரிய மீனும் ஒரே வயதாக இருக்கலாம். ஆய்வாளர்கள் முதுகுத்துடுப்பு முள்ளைக் குறுக்கே வெட்டி, மரத்தில் போல வளையம் எண்ணுகிறார்கள். 90 சென்டிமீட்டர் வரை வளர்ந்து, 50 வயதைத் தொடக்கூடிய மீன் இது.

எத்தனை என்று கேட்டு, எவ்வளவு பெரியது என்று கேட்காமல் விடுவது

இந்த மீனைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்ல இடம் தந்தால் இதைத்தான் சொல்வேன். ஷீப்ஹெட்டின் பாலினம், நிறம், உணவு, கெல்ப் காட்டில் அதன் வேலை எல்லாம் அளவைச் சார்ந்தவை. ஆனால் கட்டுரைகளில் ‘ஷீப்ஹெட் கடல் முள்ளெலிகளைத் தின்று கெல்ப் காட்டைக் காக்கிறது’ என்ற வாக்கியம் தனியாக நிற்கும்.

கடல் முள்ளெலி என்பது உடல் முழுக்க முள் கொண்ட, கெல்ப்பை மேய்ந்து தீர்க்கும் ஓட்டுயிர். அதை ஷீப்ஹெட் தின்கிறது என்பது உண்மைதான். தெற்குக் கலிஃபோர்னியாவின் பெரும்பகுதியில் கடல் நீர்நாய்கள் தோலுக்காக வேட்டையாடப்பட்டு மறைந்தன. அதன் பிறகு முள்ளெலிகளை அடக்கும் வேலை இந்த மீனுக்கும் சிங்கி இறாலுக்கும் வந்து சேர்ந்தது. தெற்குக் கலிஃபோர்னியாவின் சான் நிக்கோலஸ் தீவில் கோவன் செய்த சோதனை 1983-இல் வெளிவந்தது. ஒரு பாறைப் பகுதியிலிருந்து ஷீப்ஹெட்களை அப்புறப்படுத்தியதும் அங்கே சிவப்பு முள்ளெலிகள் பெருகின. அதைவிடச் சுவாரசியமானது அவற்றின் நடத்தை. மீன் இருந்தவரை இடுக்குகளில் ஒடுங்கிக் கிடந்தவை, அது போன பின் வெளியே வந்தன. அதாவது இந்த மீன் தின்னாமலே கூட, அருகில் இருப்பதாலேயே முள்ளெலியை இடுக்கில் அடைத்து வைக்கிறது.

ஆனால் எந்த ஷீப்ஹெட்? சிறிய மீனின் வாய்க்கு முள் நீண்ட பெரிய முள்ளெலி அடங்காது. அது சின்ன நண்டு, மட்டி, பாசியின் மேல் படர்ந்து வாழும் சிற்றுயிர்கள் என்று பொறுக்கித் தின்னும். உடல் பெருக்கப் பெருக்க முன்பற்களின் பிடியும் தொண்டைக்குள் இருக்கும் அரைக்கும் தாடையின் பலமும் கூடுகின்றன. அப்போதுதான் முள்ளெலியின் ஓடு நொறுங்கும். ஆய்வாளர்கள் ஹாமில்டனும் கசெல்லும் 2015-இல் காட்டியதும் இதுவே. மீன்பிடி தடைசெய்யப்பட்ட பகுதிகளில் ஷீப்ஹெட் பெரிதாக வளர்கிறது, பெரியவையே முள்ளெலிகளை அதிகம் தின்கின்றன. நூறு சிறிய மீன்கள் நீந்தும் பாறையில் முள்ளெலிக்குப் பயமே இல்லாமல் போகலாம்.

அதோடு, முள்ளெலிகள் ஏற்கெனவே பாசியை மொட்டையடித்துவிட்ட இடத்தில் மீனைக் கொண்டுவந்தால் எல்லாம் சரியாகும் என்ற நம்பிக்கையும் அவசரம்தான். பட்டினி கிடக்கும் முள்ளெலியின் ஓட்டுக்குள் தின்னத் தக்கதாக ஒன்றும் இராது. சிங்கி இறால்களும் நீர்நாய்களும் அத்தகையவற்றை விட்டுவிட்டு, கெல்ப் காட்டில் கொழுத்தவற்றையே தேடுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 2013-க்குப் பின் வடகலிஃபோர்னியாவில் கெல்ப் அழிந்த செய்தியோடு ஷீப்ஹெட்டை முடிச்சுப் போடுவதும் பொருந்தாது. அங்கே நோயில் மடிந்த சூரியகாந்தி நட்சத்திரமீனே முள்ளெலிக்கு முக்கிய எதிரி. ஷீப்ஹெட் பெரும்பாலும் பாயின்ட் கன்செப்ஷன் முனைக்குத் தெற்கே வாழ்வது. எல் நீனோ போன்ற வெப்ப ஆண்டுகளில் லார்வாக்கள் வடக்கே ஒதுங்குவதுண்டு, நிலையான கூட்டம் அல்ல.

குறைந்தபட்ச நீளம் வைத்தால் போதும் என்பது

பொழுதுபோக்குக்குப் பிடிப்போர் 12 அங்குலத்துக்குக் குறைந்ததையும் வணிக மீனவர்கள் 13 அங்குலத்துக்குக் குறைந்ததையும் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது கலிஃபோர்னியா விதி. 1980-களின் பின்பாதியில் மீனை உயிரோடு விற்கும் வணிகம் சூடுபிடித்தபோது, ஒரு தட்டுக்கு அடங்கும் அளவுக்குத்தான் விலை இருந்தது. அந்த அளவில் இருப்பவை பெரும்பாலும் பெண்கள். ஈட்டியோடு முக்குளிப்பவர்களுக்கோ பெரிய ஆண்தான் பரிசு. ஒரே இனத்தை இரண்டு முனையிலிருந்தும் அரித்தார்கள். சிறியதைக் காப்பாற்றும் விதி நல்லதே, ஆனால் பெரியதன் மேல் விழும் அழுத்தத்தை அது தொடாது. பெரியவை குறைந்தால் மீதமுள்ளவை இன்னும் சிறிய உடலிலேயே முதிர்ந்து, சிறிய உடலிலேயே ஆணாகிவிடும். கடும் மீன்பிடிப்புக்கு உள்ளான சில இடங்களை முந்தைய பதிவுகளோடு ஒப்பிட்டு ஹாமில்டன் குழு 2007-இல் கண்டது இதுதான். கூட்டத்தில் ஆண்கள் இருப்பதைப் பார்த்து நிலைமை நலம் என்று எழுதினால் ஏமாந்துபோவோம்.

‘நீந்தித் திரியும் மீனுக்கு வேலி போட முடியுமா’ என்று கேட்பவர்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. கட்டலீனாவில் ஒலிக்கருவி பொருத்திப் பின்தொடர்ந்தபோது ஒரு மீன் புழங்கிய பரப்பு சராசரியாகச் சுமார் 15,000 சதுர மீட்டர்தான். மீனுக்கு மீன் பெரிய வேறுபாடு இருந்தாலும், மீன்பிடி தடைசெய்யப்பட்ட ஓரளவு சிறிய காப்பகமே பல மீன்களுக்கு வீடாகும்.

கடலடியில் எண்ணப் போகிறவர்களுக்கு: பகலில் போங்கள். இருட்டினால் இவை பாறை இடுக்கில் தூங்கப் போய்விடும், ‘இங்கே மீனே இல்லை’ என்ற தவறான பதிவுதான் மிஞ்சும். ஒவ்வொன்றுக்கும் நீளத்தைக் குறியுங்கள். தலை கறுக்கத் தொடங்கியும் உடல் இளஞ்சிவப்பாகவே இருக்கும் மீன் எதிர்ப்பட்டால், ஆண் கட்டத்திலோ பெண் கட்டத்திலோ ஊகித்துத் தள்ளாமல், ‘மாறிக்கொண்டிருக்கிறது’ என்று தனியாக ஒரு வரி எழுதுங்கள்.