எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் சிவப்புப் புள்ளியா?

தீமிதி இரவில் எடுத்த படங்களிலெல்லாம் ஒரே இடத்தில் சிவப்போ நீலமோ ஒரு புள்ளி நின்றால், கேமராவைப் பழுதுபார்க்கச் சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். முதலில் லென்ஸை மூடிவிட்டு மெனுவில் ‘பிக்சல் மேப்பிங்’ ஓட்டிப் பாருங்கள். ஒலிம்பஸில் இதே பெயர். பானசோனிக்கில் ‘பிக்சல் ரிஃப்ரெஷ்’.

படத்தைப் பதியும் சென்சாரில், வெளிச்சமே இல்லாதபோதும் ஒளிரும் பிக்சல்களை, அதாவது நுண்புள்ளிகளை, கேமரா குறித்துக்கொள்ளும். பிறகு எடுக்கும் படங்களில் பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்து அந்த இடத்தை நிரப்பிவிடும். சென்சார் சூடேறினால் புள்ளிகள் பெருகும். அதனால் வெயிலில் நின்ற காரிலிருந்து எடுத்த கையோடும், வீடியோ முடித்த கையோடும் இதைச் செய்யவே வேண்டாம். நன்றாக ஆறட்டும். பேட்டரியும் நிறைந்திருக்க வேண்டும், நடுவில் அணைந்துவிடக் கூடாது.

கறுப்பாய் மங்கிய திட்டு என்றால் அது தூசி. லென்ஸ் துளையை எஃப் 16 அளவுக்குச் சுருக்கி வெறும் வானத்தை எடுத்தால் பளிச்சென்று தெரியும். அதற்கு ஊதுபந்துதான் வேண்டும். மேலிருந்து கீழாக முழுக்கோடு விழுந்தால் பழுது பார்ப்பவரிடம்தான் போக வேண்டும். சென்சாரில் 30 விநாடி ஒளி விழவிடும் எக்ஸ்போஷரில் மட்டும் தூவினாற்போல் வரும் புள்ளிகளுக்கு மெனுவில் அவற்றைக் குறைக்கும் ‘லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன்’ போடுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் இன்னொரு 30 விநாடி காத்திருக்க நேரும். ஏற்கெனவே எடுத்த படங்கள் எதுவும் மாறாது.