முலாம்பழம் தின்றால் நாக்கு நமநமவென்கிறதா?

வேளச்சேரியில் வெயில் காலத் தள்ளுவண்டி முலாம்பழம். ஒரு துண்டு வாயில் போட்டதும் உதடும் மேலண்ணமும் நமநமவென்று அரிக்கும்; சற்று நேரத்தில் அடங்கிவிடும். மருந்து அடித்த பழம் என்று வண்டிக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தேன், பாவம்.

பல நேரம் காரணம் மகரந்தம்தான். புல், களைச்செடி மகரந்தத்தில் உள்ள புரோஃபிலின் என்ற புரதம், முலாம்பழம், வாழைப்பழம், தக்காளியிலும் ஏறக்குறைய அதே வடிவில் இருக்கிறது. மகரந்தத்துக்குத் தும்மிப் பழகிய உடம்பு ஆள் மாறாட்டத்தில் ஏமாந்துவிடுகிறது. நல்லவேளை, சமைத்தால் இந்தப் புரதம் பெரும்பாலும் சிதைந்துவிடும். சாலட் தக்காளி அரித்தவருக்கும் கொதித்த ரசம் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும்.

வேர்க்கடலை ஒவ்வாமைக்கு இந்தக் கணக்கு செல்லாது, வறுத்தாலும் போகாது. எதைத் தின்றாலும் தொண்டை அடைத்தாலோ மூச்சு திணறினாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.