ரீஃபண்ட் வருகிறது, அப்புறம் எதற்கு நான்கு வவுச்சர்?

அமெரிக்காவில் டேக்ஸ் ஃபைல் செய்யும் நம்மவர்கள் பலரையும் குழப்பும் விஷயம் இது. சாப்ட்வேர் 1,500 டாலர் ரீஃபண்ட் என்கிறது. பிடிஎஃப்பின் கடைசிப் பக்கங்களைப் புரட்டினால் தலா 750 டாலருக்கு நான்கு 1040-இஎஸ் வவுச்சர்கள், அதாவது வரியை முன்கூட்டியே தவணையாகக் கட்டுவதற்கான சீட்டுகள். கணக்கு தப்பாகிவிட்டதோ என்று வயிற்றைக் கலக்கும்.

கணக்கு சரிதான். வவுச்சரில் அச்சாகியிருக்கும் வருடத்தைப் பாருங்கள். 2025 ரிட்டர்னோடு வருபவை 2026-க்கானவை. அந்த வருட வருமானத்துக்கான வரியை 2026 ஏப்ரல் 15, ஜூன் 15, செப்டம்பர் 15, 2027 ஜனவரி 15 என்று நான்கு தவணையாகக் கட்டச் சொல்கின்றன. இதைக் கவனிக்காமல் போன வருட பாக்கி என்று நினைப்பதுதான் முதல் தவறு.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மொத்த வரி 14,000 டாலர். சம்பளத்தில் பிடித்தது 11,000. ஊரில் என்ஆர்இ (வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்கான வங்கிக் கணக்கு) டெபாசிட் வட்டி வருகிறது; இந்தியாவில் அதற்கு வரி இல்லை, ஆனால் அமெரிக்காவில் உண்டு, அந்த அமெரிக்க வரியை வட்டியிலிருந்து யாரும் பிடித்துக் கட்டுவதில்லை. அதற்காக வருடம் முழுக்க 4,500 டாலர் தாங்களே கட்டியிருக்கிறார்கள். அதனால்தான் 1,500 திரும்பி வருகிறது. அடுத்த வருடமும் இதே வருமானம் என்று வைத்தால், சம்பளத்தில் பிடிப்பது போக 3,000 குறையும். அதை நான்காகப் பிரித்தால் 750.

ரீஃபண்ட் வந்துவிட்டதே என்று இந்த வவுச்சர்களைக் குப்பையில் போட்டால் அடுத்த வருடம் அபராதம் வரலாம். அதற்காக, பங்கு விற்றது போன்ற ஒரு தடவை வருமானத்தால் வந்த வவுச்சருக்குப் பதறிக் கட்டவும் வேண்டாம். சம்பளத்தில் பிடித்தது போக வரி பாக்கி 1,000 டாலருக்குள் இருந்தாலோ, அந்த வருட வரியில் 90 சதவீதமோ முந்தைய வருட வரி முழுவதுமோ உரிய நேரத்தில் போய்ச் சேர்ந்திருந்தாலோ அபராதம் இல்லை. முந்தைய வருட ஏஜிஐ (சில கழிவுகள் போக ரிட்டர்னில் வரும் மொத்த வருமானம்) 1,50,000 டாலரைத் தாண்டியவர்களுக்கு மட்டும் அந்த 'முழுவதும்' 110 சதவீதம்.

சம்பளக்காரர்களுக்கு நான் சொல்லும் வழி, சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிக்க வேண்டும் என்று கம்பெனிக்குச் சொல்லும் டபிள்யூ-4 படிவத்தை மாற்றிக் கொடுப்பது. அதில் 4(சி) என்ற இடத்தில் ஒவ்வொரு சம்பளத்திலும் கூடுதலாக எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று எழுதலாம். மாதம் இரண்டு சம்பளம் என்றால் 3,000 டாலருக்கு 125 வீதம். சம்பளத்தில் பிடித்ததை ஐஆர்எஸ் (அமெரிக்க வரித்துறை) வருடம் முழுவதும் சமமாகக் கட்டியதாகவே எடுத்துக்கொள்ளும். எனவே பாதி வருடத்தில் விழித்துக்கொண்டு மிச்சச் சம்பளங்களில் கூட்டிப் பிடிக்கச் சொன்னாலும் பலன் உண்டு. இல்லாவிட்டால் ரீஃபண்டையே அடுத்த வருடக் கணக்கில் வரவு வைக்கச் சொல்லலாம். நம் உதாரணத்தில் முதல் இரண்டு தவணை அதிலேயே அடைந்துவிடும்.

ஆன்லைனில் கட்டுபவர்கள் நிறையப் பேர் இடறும் இடம் ஒன்று இருக்கிறது. வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாக வரி கட்டும் ஐஆர்எஸ் டைரக்ட் பே தளத்தில் 1040-இஎஸ் என்பதையும் சரியான வருடத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும். ஏப்ரலில் கட்டும்போது பழைய வருடத்தைத் தட்டிவிட்டால் பணம் அந்தக் கணக்கில் போய் உட்கார்ந்துவிடும். கட்டிய தேதி, தொகை, உறுதி எண் மூன்றையும் அன்றே குறித்து வையுங்கள். அடுத்த ரிட்டர்னில் 1040 படிவத்தின் 26-ஆம் வரியில் அதைச் சேர்க்க மறந்தால், கட்டிய பணத்தையே சாப்ட்வேர் மறுபடி கட்டச் சொல்லும்.