வெயில் காலத்தில் ஓடும்போது உடல் படும் பாட்டை அளப்பது எப்படி?

மே மாத விடிகாலை ஐந்து மணிக்குச் சென்னைக் கடற்கரைச் சாலையில் ஓடியவர்களுக்குத் தெரியும்: சூரியன் இன்னும் எழவில்லை, இரண்டாவது கிலோமீட்டரிலேயே பனியனைப் பிழியலாம். காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வை ஆவியாகாமல் சொட்டுகிறது. சொட்டுகிற வியர்வையால் உடல் குளிராது. ஆகவே செல்பேசியில் ‘28 டிகிரி’ என்று பார்த்துவிட்டு நிம்மதியாகக் கிளம்பாதீர்கள். உடலையே கேட்க வேண்டும். அதற்கு ஓர் எடைக்கருவி, நாடித்துடிப்பு காட்டும் கைக்கடிகாரம், ஒரு நோட்டு போதும்.

படி 1: எடை

ஓடுவதற்கு முன் சிறுநீர் கழித்துவிட்டு, உடையில்லாமல் எடை பாருங்கள். திரும்பி வந்ததும் துண்டால் நன்றாகத் துடைத்துக்கொண்டு அதேபோல் பாருங்கள். முதல் தடவை நான் நனைந்த கால்சட்டையோடும் காலுறையோடும் ஏறி நின்று, ‘அவ்வளவாக வியர்க்கவில்லையே’ என்று மகிழ்ந்தேன். குறைந்த எடையில் பாதி துணியில்தான் இருந்தது!

கணக்கு எளிது. கிளம்பும்போது 64.2 கிலோ, திரும்பும்போது 62.9. குறைந்தது 1.3 கிலோ. வழியில் குடித்த அரை லிட்டரையும் சேர்த்தால் வியர்வை ஏறக்குறைய 1.8 லிட்டர். ஓடியது 75 நிமிடம் என்றால், மணிக்கு 1.4 லிட்டருக்குச் சற்று மேல். எடையில் 2 விழுக்காடு குறைந்திருக்கிறது. இதைத் தாண்டினால் அடுத்த முறை கூடுதலாகக் குடியுங்கள். எடை கூடியிருந்தால் அதைவிடக் கவலைப்பட வேண்டும்: அளவுக்கு மீறிய தண்ணீர் இரத்தத்தில் உப்பை நீர்க்கச் செய்துவிடும்.

படி 2: நாடித்துடிப்பு

ஒரே பாதை, ஒரே வேகம். பதினைந்தாம் நிமிடத்தில் 150 என்றும் அறுபதாம் நிமிடத்தில் 166 என்றும் காட்டினால், வேகம் கூடாமலே இதயம் கூடுதலாக உழைக்கிறது. உடலைக் குளிர்விக்க இரத்தம் தோலுக்குத் திருப்பப்படுகிறது. வியர்வையால் இரத்தத்தின் அளவும் குறைகிறது. டிசம்பரில் இதே பாதையில் ஓடிய குறிப்பை அருகில் வைத்துப் பாருங்கள், வித்தியாசம் கண்ணில் அடிக்கும். வியர்த்த மணிக்கட்டில் கடிகாரம் வழுக்கினால் தவறான எண் வரும். மார்பில் கட்டும் நாடித்துடிப்புப் பட்டை அதைவிட நல்லது.

படி 3: வெப்பமானியை நம்பாதீர்கள்

நெற்றியில் காட்டும் துப்பாக்கி வெப்பமானி ஓட்டக்காரருக்கு உதவாது. ஈர நெற்றி குளிர்ந்திருக்கும். உள்ளே 39 டிகிரி இருந்தாலும் 36 என்று காட்டக்கூடும். உள்வெப்பத்தை நம்பகமாகச் சொல்வது மலக்குடல் வெப்பமானியும் விழுங்கும் மாத்திரை வடிவ உணரியும்தான். 2019இல் கத்தாரின் தோகாவில் நடந்த உலகத் தடகளப் போட்டியில் வீரர்கள் சிலர் அந்த மாத்திரையை விழுங்கி ஓடினார்கள். அங்கே வெப்பத்துக்கு அஞ்சி மகளிர் மாரத்தானை நள்ளிரவில் தொடங்கியும், 68 பேரில் 28 பேர் முடிக்கவில்லை. மோரன் என்ற ஆய்வாளரும் சகாக்களும் 1998இல் வகுத்த வெப்பத்தால் உடல் படும் பாட்டை 0 முதல் 10 வரை மதிப்பிடும் குறியீட்டுக்கும் நாடியோடு இந்த உள்வெப்பம் வேண்டும். வீட்டில் அதற்கு முயல வேண்டாம்.

படி 4: நிறுத்த வேண்டிய இடம்

தள்ளாட்டம், பேச்சில் குழறல், எங்கே இருக்கிறோம் என்ற குழப்பம் ஆகியவை தென்பட்டால் எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். ஓடியவருக்கு உயிருக்கே ஆபத்தான வெப்பத் தாக்கு (ஹீட் ஸ்ட்ரோக்) வந்திருக்கலாம்; உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். ஒருவர் 108ஐ அழைக்கட்டும். மற்றவர்கள் அவரை நிழலுக்குக் கொண்டுபோய், கிடைக்கிற குளிர்ந்த நீரையெல்லாம் உடல் முழுதும் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். பனிக்கட்டி நீர் நிறைந்த தொட்டி கிடைத்தால் தலையை வெளியே பிடித்தபடி அதிலேயே அமர்த்துங்கள். வண்டி வரும்வரை நிறுத்தாதீர்கள்.