ஸ்பானிஷில் பலகை எழுதப் போகிறீர்களா? ஒரு ஆங்கிலச் சொல், மூன்று ஸ்பானிஷ் சொல்

அறுகம்பேயிலோ பாசிக்குடாவிலோ சாப்பாட்டுக் கடை, தங்குமிடம் நடத்துகிறவர்களுக்கு இது. ஆங்கிலச் சொல்லை ஃபோனில் தட்டி, முதலில் வருவதை அப்படியே மெனுவில் ஏற்றினால் வரும் பிழைகளைப் பற்றி மட்டும்தான் இங்கே. இலக்கணம் இல்லை. ஸ்பானிஷ் சொற்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன், எழுத்துக்கூட்டலை அகராதியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 1: ஆங்கிலத்தை மறந்துவிட்டு, சொல்ல வந்ததைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். பாதிப் பிரச்சினை இங்கேயே தீரும். 'ஹொட்' என்பதை எடுங்கள். நமக்குச் சூடு வேறு, உறைப்பு வேறு, வெக்கை வேறு. ஸ்பானிஷிலும் அப்படியே: சூடான தேநீருக்கு கலியென்தே, உறைப்பான இறால் கறிக்கு பிகான்தே, வெளியே அடிக்கிற வெக்கைக்கு கலோர். கறிக்குப் பக்கத்தில் கலியென்தே என்று போட்டால், ஆறாத கறி என்று நினைத்து வாங்குகிறவர் முதல் வாயிலேயே தண்ணீர் கேட்பார். 'ஃப்ரீ'யும் இதே கதை. இலவச வைஃபை கிராதிஸ், காலியான அறை லிப்ரே.

படி 2: தமிழும் கைவிடும் சொற்களைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். சிக்கல் அதிகம் இங்கேதான், ஏனென்றால் நமக்கே வித்தியாசம் தோன்றாது. மீன் என்றால் நமக்கு மீன்தான், வாவியில் நீந்தினாலும் சட்டியில் கிடந்தாலும். ஸ்பானிஷில் உயிரோடு நீந்துவது பெஸ், பிடித்துச் சமைப்பது பெஸ்காதோ. மெனுவில் எப்போதும் பெஸ்காதோ. ஆனால் மட்டக்களப்பு கல்லடிப் பாலத்தடியில் பாடும் மீன் கேட்கப் படகுச் சவாரி என்று நோட்டீஸ் அடிக்கிறீர்கள் என்றால் பெஸ்ஸின் பன்மையான பெஸெஸ் வரவேண்டும். பெஸ்காதோ போட்டால் குழம்பு மீன் பாடுகிறது என்று ஆகிவிடும். பலகையும் இப்படித்தான். அலைச்சறுக்குப் பலகை தாப்லா, கடை வாசல் பெயர்ப்பலகை லெத்ரேரோ. சாப்பிட்டவர் கேட்கும் பில் குவென்தா, கரண்ட் பில் ஃபக்தூரா.

படி 3: திருப்பித் தேடுங்கள். இதை யாரும் செய்வதில்லை, இதைத்தான் கட்டாயம் செய்யவேண்டும். கிடைத்த ஸ்பானிஷ் சொல்லை மறுபடி அகராதியில் போட்டு, அது பெயர்ச்சொல்லா பெயரடையா, வேறு என்ன அர்த்தம் இருக்கிறது என்று பாருங்கள். 'லைட்' என்று தேடினால் முதலில் வருவது லூஸ், அதாவது வெளிச்சம். நீங்கள் எழுத வந்ததோ வயிற்றுக்குப் பாரமில்லாத சாப்பாடு. அதற்கு லிஹேரோ. சாப்பாடு என்ற கொமிதா பெண்பால் என்பதால் கடைசியில் லிஹேரா ஆகும். வெளிர் நிறத்துக்கு இரண்டும் பொருந்தாது, அது கிளாரோ.

இதற்கு வேர்ட்ரெஃபரன்ஸ் என்ற இணைய அகராதிதான் நல்லது. ஒவ்வொரு அர்த்தத்துக்கும் சின்ன விளக்கமும், பல இடங்களில் எந்த நாட்டு வழக்கு என்ற குறிப்பும் இருக்கும். கூகுள் டிரான்ஸ்லேட்டில் தனிச் சொல்லைப் போடவே வேண்டாம், முழு வாக்கியமாகப் போடுங்கள். மீன், மரக்கறிப் பெயர்களுக்கு ஸ்பானிஷ் சொல்லைப் படத் தேடலில் தட்டினால் போதும், சரியா பிழையா என்று கண்ணுக்கே தெரியும்.

படி 4: வாசிக்கப் போவது ஸ்பெயின்காரரா, லத்தீன் அமெரிக்கரா? பழச்சாறு ஸ்பெயினில் ஸூமோ, மற்றப் பக்கம் ஹூகோ. இறால் ஸ்பெயினில் கம்பா, லத்தீன் அமெரிக்காவில் பெரும்பாலும் கமரோன். இரண்டையும் சாய்கோடு போட்டு எழுதிவிடுங்கள். பஸ் எடுப்பதற்கு ஸ்பெயினில் சாதாரணமாகச் சொல்லும் கொஹேர், மெக்சிகோவிலும் ஆர்ஜென்டினாவிலும் கெட்ட வார்த்தை. தொமார் எங்கேயும் செல்லும்.

பிறகு சேர்த்தது: 'எனக்கு வெக்கையாக இருக்கிறது' என்று விருந்தினரிடம் எப்படிச் சொல்வது என்று சிலர் கேட்டிருந்தார்கள். தெங்கோ கலோர் என்று சொல்லுங்கள். எஸ்தோய் கலியென்தே என்றால் காமம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம் போகும்.

இன்னொன்று, பெயின்ரர் விடும் பிழை. 'வருடம் முழுவதும் திறந்திருக்கும்' என்று எழுதும்போது வருடத்துக்கான ஆஞோவில் 'n' எழுத்தின் தலையில் நெளிகோடு வேண்டும். அது விடுபட்டால் சொல் மலவாயைக் குறிக்கும். ஃபோனில் 'n' எழுத்தை அழுத்திப் பிடித்தால் நெளிகோட்டோடு வரும். அப்படித் தட்டி, பெரிதாக அச்சடித்து, தாளாகவே பெயின்ரர் கையில் கொடுங்கள்.