சாம்பிள் எடுக்க வரும்போது மளிகைக் கடைக்காரர்கள் செய்யும் தவறுகள்

உணவுப் பாதுகாப்பு அலுவலர் கடைக்குள் நுழைந்ததும் உரிமத்தை எடுத்துக் காட்டிவிட்டால் போதும் என்று நம்பும் மளிகைக் கடைக்காரர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். உரிமம் அவசியம்தான், ஆனால் சரக்கில் குறை தென்பட்டால் கடைக்காரருக்குத் துணை நிற்பது கொள்முதல் பில். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் அந்தப் பில்லையே, விற்றவர் தரும் எழுத்துபூர்வ உத்தரவாதமாக ஏற்கிறது. யாரிடம் வாங்கினோம் என்று சொல்ல முடியாத கடைக்காரர்மீது, 27ஆவது பிரிவின்படி, பொறுப்பு நேரடியாக வந்து விழும். விலை குறைகிறதே என்று, வேனில் வருபவரிடம் பில் இல்லாமல் மிளகாய்த்தூள் வாங்குவதை நான் சிக்கனம் என்று சொல்லமாட்டேன்.

மூட்டையில் வந்த துவரம் பருப்பை அரைக் கிலோ கவர்களில் நிரப்பி, ஸ்டேப்ளர் அடித்துத் தொங்கவிடுபவர், தம்மை வெறும் சில்லறை வியாபாரி என்றே கருதுகிறார். சட்டத்தின் கண்ணில் அவர் பொட்டலமிடுபவர். ஆகவே பொருளின் பெயர், நிகர எடை, பேக் செய்த தேதி, காலாவதித் தேதி, பேட்ச் எண், முகவரி, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எனப்படும் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம் தந்த 14 இலக்க எண், பச்சை நிற சைவக் குறி ஆகியவற்றை அவர்தான் அச்சிட வேண்டும். பருப்பு முதல் தரமாகவே இருந்தாலும், இவை இல்லையென்றால் அது தப்புக்குறியீடு, அதாவது லேபிள் விதியை மீறிய பொருள். 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

சாம்பிள் எடுக்கும்போது பதற்றத்தில் காகிதத்தைப் படிக்காமல் கையெழுத்திடுவது இன்னொரு தவறு. மாதிரி நான்கு பங்காகப் பிரித்து சீலிடப்படும். ஒன்று மாதிரியைச் சோதித்து அறிக்கை தரும் உணவுப் பகுப்பாய்வாளருக்கும், இரண்டு மாவட்ட உணவுப் பாதுகாப்புப் பணிக்குப் பொறுப்பான நியமன அலுவலரின் பாதுகாப்புக்கும் போகும். நான்காவது பங்கை அங்கீகாரம் பெற்ற வேறொரு ஆய்வகத்துக்கு அனுப்பும்படி கேட்கும் உரிமை கடைக்காரருக்கு உண்டு. பெரும்பாலோர் கேட்பதில்லை, கேட்டிருந்து, இரு அறிக்கைகளும் முரண்பட்டால், நியமன அலுவலரிடம் உள்ள பங்கு மேல்நிலை ஆய்வகத்துக்குச் செல்லும், அதன் முடிவே இறுதியானது. எடுத்த மாதிரிக்கு அலுவலர் வழக்கமான விற்பனை விலையைத் தர வேண்டும் என்பதுகூடப் பலருக்குத் தெரியாது.

அறிக்கை பாதகமாக வந்த பின் அதை மேசை டிராயரில் போட்டுவிட்டு விசாரணைக் கடிதத்துக்குக் காத்திருப்பதும் வழக்கமாகிவிட்டது. பகுப்பாய்வாளரின் முடிவை எதிர்த்து நியமன அலுவலரிடம் மேல்முறையீடு செய்ய, அறிக்கை கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாள் மட்டுமே அவகாசம்.